புல்பப் ரைபிள்: மிச்சமாகும் 20 சென்டிமீட்டருக்கு என்ன விலை?

ஒரு ராணுவம் தன் காலாட்படைக்குப் புது ரைபிள் வாங்க உட்கார்ந்தால், முதல் வாக்குவாதம் நீளத்தைப் பற்றித்தான் வரும். வீரர் கவச வண்டிக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து போகிறார். குறுகலான மாடிப்படியில் ஏறுகிறார். அங்கெல்லாம் துப்பாக்கி குட்டையாக இருக்க வேண்டும். இறங்கி வெட்டவெளிக்கு வந்தால் அதே துப்பாக்கி 300 மீட்டருக்கும் எட்ட வேண்டும். அதற்குக் குழல் நீளமாக இருக்க வேண்டும். தோட்டாவை வாயு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும் தூரம் குழலின் நீளம் மட்டுமே. 5.56 மி.மீ. தோட்டா 508 மி.மீ. குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 940 மீட்டர் வேகத்தில் வெளியேறும். குழலை 368 மி.மீ. ஆக வெட்டினால் அதில் 50, 60 மீட்டர் போய்விடும்.

இந்த இழுபறிக்கு மூன்று தீர்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்க எம்4 மாதிரி குழலையே குட்டையாக்கிவிட்டு வேக இழப்பைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. ஏகே குடும்பத்தில் இருப்பதுபோல் பின்கட்டையை மடக்க வைப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் புல்பப்: போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்), சேம்பர் (தோட்டா வெடிக்கும் அறை), மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாவற்றையும் டிரிகருக்குப் பின்னால், பின்கட்டைக்குள்ளேயே தள்ளிவிடுவது. சாதாரண ரைபிளில் பின்கட்டை என்பது தோளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சும்மா நிற்கும் ஒரு தாங்கி. புல்பப்பில் அந்த வெற்றிடத்துக்குள் இயந்திரம் குடியேறிவிடுகிறது.

இதில் எவ்வளவு மிச்சம் என்று விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மொத்த நீளத்திலிருந்து குழலின் நீளத்தைக் கழித்துப் பாருங்கள். மீதி வருவது துப்பாக்கி தன் வேலைக்காக எடுத்துக்கொள்ளும் இடம். கீழே எல்லாம் மி.மீ. கணக்கு:

| ரைபிள் | குழல் | மொத்தம் | மீதி |
|---|---|---|---|
| எம்16ஏ2 | 508 | 1006 | 498 |
| எம்4, பின்கட்டை முழுக்க நீட்டி | 368 | 838 | 470 |
| எம்4, முழுக்கச் சுருக்கி | 368 | 756 | 388 |
| ஏகே-103, விரித்து | 415 | 943 | 528 |
| ஏகே-103, மடக்கி | 415 | 700 | 285 |
| ஸ்டெயர் ஏயூஜி | 508 | 790 | 282 |
| ஃபமாஸ் | 488 | 757 | 269 |
| எஸ்ஏஆர்-21 | 508 | 805 | 297 |
| டவோர் டார்-21 | 460 | 720 | 260 |

கடைசி நான்கு வரிகளில் உள்ளவை புல்பப்புகள்; அவை எல்லாமே 26 முதல் 30 செ.மீ.க்குள் அடங்கிவிடுகின்றன. நீட்டிய எம்4-ஓடு ஒப்பிட்டால் லாபம் 20 செ.மீ. வரை வருகிறது. ஆனால் மார்பில் கவசத் தகடு போட்ட வீரர் எம்4-இன் பின்கட்டையை முழுக்க நீட்டிச் சுடுவது அரிது. ஒன்றிரண்டு படி உள்ளே தள்ளித்தான் பிடிப்பார். அப்போது நிஜமான லாபம் 15 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மடக்கிய ஏகே, புல்பப் அளவுக்கே குட்டையாகிவிடுகிறது; ஆனால் மடக்கிய நிலையில் தோளில் வைத்துக் குறி பார்த்துச் சுட முடியாது. வண்டிக்குள் கொண்டுபோக அது போதும். வண்டியிலிருந்து இறங்கிய அந்த நொடியில் சுட வேண்டுமென்றால் போதாது.

எம்4, எம்16 வகையில் மடக்கும் வழியும் கிடையாது. போல்ட்டைத் தாங்கும் ஸ்பிரிங் பின்கட்டைக் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது.

புல்பப்பின் லாபம் நிஜம். அது 15 முதல் 20 செ.மீ. இனி அதற்குக் கொடுக்கும் விலை.

காலித் தோட்டா எங்கே போகும்?

என் கணக்கில் மற்ற எல்லாக் குறைகளையும் பயிற்சியாலோ நல்ல வேலைப்பாட்டாலோ பாதியாகக் குறைக்கலாம். இதை மட்டும் முடியாது. சேம்பர் கன்னத்துக்கு நேர் கீழே வந்துவிட்டதால், சுட்ட தோட்டாவின் உறை வெளியே தெறிக்கும் வாசலும் முகத்தருகே வந்துவிடுகிறது. வலது தோளில் வைத்துச் சுட்டால் உறை வலப்பக்கம் பறக்கும், பிரச்சினை இல்லை. அதே துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால் சூடான பித்தளை உறை நேராக வாய், கன்னம், கண் பக்கம் வந்து அடிக்கும்.

இது இடக்கைப் பழக்கக்காரர்களின் சிக்கல் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கட்டடத்துக்குள் சுவரின் இடது மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் வலக்கைக்காரரும் தோளை மாற்றினால்தான் உடலில் பெரும்பகுதி சுவருக்குப் பின்னால் இருக்கும். மாற்ற முடியாதவர் மார்பையே வெளியே காட்டியாக வேண்டும். பிரிட்டனின் எல்85 வலது தோளுக்கு மட்டுமே ஆனது. அந்த நாட்டில் இடக்கைக்காரர்களும் வலது தோளில்தான் பழகுகிறார்கள்.

இதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. ஸ்டெயர் ஏயூஜி-யில் இரண்டு பக்கமும் வாசல் உண்டு. ஒன்றை மூடியால் அடைத்து வைத்திருப்பார்கள். இடக்கைக்காரருக்குக் கொடுக்கும்போது இடப்பக்கம் உமிழும் தனி போல்ட்டைப் போட்டு, மூடியை வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மாற்ற மறந்தால் காலி உறை மூடியில் மோதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஃபமாஸில் போல்ட் தலையில் உள்ள கொக்கியை மறுபக்கம் மாட்டி, கன்னம் வைக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது. இரண்டுமே ஆயுதக் கிடங்கில் உட்கார்ந்து செய்கிற மாற்றம். சுவர் மூலையில் நிற்கும்போது செய்ய முடியாது. அங்கே மிச்சமிருக்கும் ஒரே வழி துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, முகத்தை விலக்கி, குறி தோராயமாகச் சுடுவது.

பெல்ஜியத்தின் எஃப்என் எஃப்2000 வேறு பாதை எடுத்தது. காலி உறை ஒரு குழாய் வழியே முன்னோக்கிப் போய், குழலுக்குப் பக்கத்தில் விழும். இரு தோளுக்கும் ஒத்துவரும். ஆனால் தோட்டா சிக்கிக்கொண்டால் அதைக் கண்ணால் பார்க்க மேல் மூடியைத் திறக்க வேண்டும். திறந்த வாசல் உள்ள ரைபிளில் ஒரு பார்வையில் தெரிவது இங்கே ஒரு வேலையாகிவிடுகிறது. உறையைக் கீழ்நோக்கித் தள்ளும் வடிவங்களும் உண்டு. அமெரிக்காவின் கெல்-டெக் ஆர்டிபி அப்படித்தான். உறை மேகசினுக்குப் பின்னால் விழ வேண்டும் என்பதால் போல்ட் இன்னும் நீளமாகப் பின்னே போய்வர வேண்டியிருக்கிறது.

சேம்பர் கன்னத்தருகே இருப்பதில் இன்னொரு பயமும் உண்டு: தோட்டா உறை கிழிந்து வாயு பின்னால் பாய்ந்தால்? சிங்கப்பூரின் எஸ்ஏஆர்-21-ஐ வடிவமைத்தவர்கள் இதை நேராகவே எதிர்கொண்டார்கள். கன்னம் படும் இடத்தில் கெவ்லார் (குண்டு துளைக்காத உடைகளில் வரும் இழை) தகடு வைத்து, அழுத்தம் மிஞ்சினால் வாயு வேறு பக்கம் வெளியேற ஒரு துளையும் விட்டார்கள். ஒரு புல்பப்பைப் பரிசீலிக்கிறவர்கள் இந்த இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

டிரிகர்

சாதாரண ரைபிளில் டிரிகரும் சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியும் விரல்கடை தூரத்தில் இருக்கும். ஒன்று அசைந்தால் மற்றது அசையும். புல்பப்பில் டிரிகர் முன்னால், சுத்தியல் பின்கட்டையில். நடுவே மேகசின் நிற்கிறது. ஒரு நீண்ட கம்பி மேகசினைச் சுற்றிக்கொண்டு போய் வேலையைச் செய்ய வேண்டும்.

விரலை வைத்துப் பாருங்கள். முதலில் கம்பியின் இணைப்புகளில் உள்ள இடைவெளி தீரும் வரை வெற்று அசைவு. பிறகு கம்பி உறையில் உராயும் சொரசொரப்பு. பிறகு கம்பியே லேசாக வளைந்து கொடுக்கும் ஒரு மெத்துத்தன்மை. கடைசியாக, எப்போது விடுபடும் என்று சொல்லாமல் விடுபடும். 50 மீட்டரில் இது தெரியாது. 300 மீட்டரில் படுத்துக்கொண்டு சுடும்போது தெரியும், குழல் நீளத்தால் வந்த ஆதாயத்தில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடும். எம்16 குடும்பத்தின் டிரிகர் 2.5 முதல் 4.3 கிலோ இழுவைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் தலைமுறை டவோர் ஐந்து கிலோவை ஒட்டி இழுக்க வைத்தது. அடுத்து வந்த எக்ஸ்95-இல் இது வெகுவாகக் குறைந்தது. ஆகவே இந்தக் குறை தீர்க்கக்கூடியதுதான். தடித்த, வளையாத கம்பி, தேய்ந்தாலும் ஆடாத ஊசிகள், மணல் புகாத தடம். எல்லாமே கூடுதல் உதிரிகள், கூடுதல் செலவு.

ஏயூஜி-யில் இன்னொரு தனித்தன்மை உண்டு. டிரிகரைப் பாதி இழுத்தால் ஒற்றைச் சூடு, முழுக்க இழுத்தால் தொடர் சூடு. தனியாக மாற்றுப் பொத்தான் இல்லாதது வேகத்துக்கு நல்லது. பதற்றத்தில் விரல் எவ்வளவு இழுக்கும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது என்பது அதன் மறுபக்கம்.

மேகசின் மாற்றுவது

எம்4-இல் வலது ஆள்காட்டி விரல் பிடியை விடாமலே பொத்தானை அழுத்தும், காலி மேகசின் தானாக விழும். இடது கை புதியதைக் கண் முன்னாலேயே ஏற்றும், அதே கையின் உள்ளங்கை போல்ட்டைத் தட்டி விடும். பார்வை குறியை விட்டு அதிகம் விலகாது.

புல்பப்பில் மேகசின் அக்குளுக்குக் கீழே இருக்கிறது. இடது கை முன்பிடியை விட்டுவிட்டு மார்புப் பையிலிருந்து மேகசினை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தேட வேண்டும். பழகாதவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, குனிந்து பார்த்து ஏற்றுவார். பழகியவர் குழலை மேலே தூக்கி, பின்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தடவியே ஏற்றிவிடுவார். வித்தியாசம் ஒன்றிரண்டு நொடிதான். இணையத்தில் இதைப் பூதாகரமாக்குகிறார்கள். உண்மையான தொல்லை தரையில் படுத்திருக்கும்போது வரும். முழங்கைக்கும் மண்ணுக்கும் நடுவே மேகசினை உருவ இடமே இருக்காது. உடலைப் பக்கவாட்டில் உருட்ட வேண்டியிருக்கும். பதுங்கியிருக்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை.

தோளுக்கும் டிரிகருக்கும் இடையே

மொத்த நீளம் குறைவு, ஆனால் தோளிலிருந்து டிரிகர் வரையான நீளம் அதிகம். புல்பப்பை முதன்முறை தூக்குகிறவர்களை வியக்க வைக்கும் விஷயம் இதுதான். இயந்திரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. அதைச் சுருக்க வழியில்லை. ஏயூஜி-யில் இது சுமார் 38 செ.மீ., டவோரில் இன்னும் கொஞ்சம் கூட. எம்4-இன் பின்கட்டையை அதைவிட நன்றாகவே உள்ளே தள்ளிவிடலாம். குட்டைக் கைக்காரர் தடித்த கவசமும் போட்டுக்கொண்டால் புல்பப்பின் டிரிகரை எட்டிப் பிடிப்பதுபோல் ஆகிவிடும். ஆளுக்கேற்ற அளவு கிடையாது.

இதற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. எடை எல்லாம் உடலோடு ஒட்டி இருப்பதால் கை சீக்கிரம் களைக்காது, ஒற்றைக் கையால் கதவைத் திறந்துகொண்டே துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கலாம். முன்பக்கம் லேசாக இருப்பதால் தொடர்ச் சூட்டில் முனை மேலே எழும்பும். முன்னால் கையெறிகுண்டு ஏவி மாட்டினால் எம்4 மூக்கு குப்புற விழும். புல்பப்போ அப்போதுதான் நடுநிலைக்கு வரும்.

முன்பிடியில் இடம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கு, லேசர், பிடி எல்லாம் மாட்டி, கையையும் நீட்டிப் பிடிக்கும் இன்றைய பாணிக்கு, 330 மி.மீ. குழல் கொண்ட எக்ஸ்95 போன்றவற்றில் கைவைக்க ஒரு சாண் இடம்கூட மிஞ்சுவதில்லை.

புல்பப்பின் பழியில் சேராதவை

இந்த ஒப்பீட்டில் பலர் வழுக்கும் இடம் இது. 1985-இல் வந்த எல்85ஏ1-இன் மானம் போனதற்குக் காரணம் அதன் அமைப்பு என்று சொல்வார்கள். மேகசின் பொத்தான் உடையில் உரசித் தானாக விடுபட்டது, பூச்சிவிரட்டி பட்டுப் பிளாஸ்டிக் பாகங்கள் கெட்டுப்போனது, தகட்டு வேலை சரியில்லாதது — இவை எல்லாம் தயாரிப்புக் கோளாறுகள். உள்ளே இருந்த இயந்திரம் ஏஆர்-18 என்ற நல்ல சாதாரண ரைபிளின் வழி வந்தது. 2000-க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் உள்பாகங்களை மாற்றி ஏ2 ஆக்கியதும் நம்பகத்தன்மை திரும்பியது. அமைப்பு அப்போதும் புல்பப்தான். வலது தோளுக்கு மட்டும் என்ற குறையும் அப்படியே இருந்தது. எது அமைப்பின் குறை, எது தொழிற்சாலையின் குறை என்பதை இந்த ஒரு துப்பாக்கியே பிரித்துக் காட்டுகிறது.

ஃபமாஸும் அப்படியே. அதன் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை, ஒரு நெம்புகோல் தாமதப்படுத்துவதோடு சரி. அதனால் உறை இன்னும் அழுத்தத்தில் இருக்கும்போதே இழுக்கப்படும். பிரான்ஸ் அதற்காகவே இரும்பு உறைத் தோட்டா செய்தது. மற்ற நாடுகளின் பித்தளைத் தோட்டா அதில் ஒத்துழைக்கவில்லை. கூட்டணிப் படையோடு தோட்டாவைப் பகிர முடியாத ரைபிள் நாளாக நாளாகச் சுமையாயிற்று. 2016-இல் பிரான்ஸ் சாதாரண அமைப்பிலான எச்கே416-ஐத் தேர்ந்தெடுத்ததில் இதற்கும் பங்குண்டு.

1977-க்கும் இன்றைக்கும் நடுவே

ஆஸ்திரியா ஏயூஜி-யை 1977-இல் ஏற்றபோது, பிரான்ஸ் ஃபமாஸை 1978-இல் ஏற்றபோது, கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. குட்டைக் குழலில் சரியாக வேலை செய்யும் தோட்டாக்கள் அப்போது இல்லை. வீரர்கள் கவசத் தகடு போடவில்லை. ரைபிளில் மாட்ட விளக்கும் லேசரும் கிடையாது. இரும்புக் குறிகளுக்கு நடுவே தூரம் குறைந்துபோன குறையைத் தீர்க்கத்தான் ஏயூஜி 1.5 மடங்கு ஸ்கோப்பைத் தன்னோடேயே கொண்டு வந்தது. எல்லா வீரருக்கும் ஸ்கோப் என்ற பழக்கத்துக்குப் பாதை போட்டவற்றில் அதுவும் ஒன்று.

பிறகு தோட்டாக்கள் மாறின, கவசம் தடித்தது, தோள் மாற்றிச் சுடுவது எல்லோருக்குமான பயிற்சியானது. நியூசிலாந்து ஸ்டெயரை விட்டு சாதாரண அமைப்புக்குத் திரும்பியது. சீனா 1990-களில் கொண்டுவந்த கியூபிஇசட்-95 புல்பப்புக்குப் பதிலாக 2019 அக்டோபர் அணிவகுப்பில் சாதாரண அமைப்பிலான கியூபிஇசட்-191-ஐக் காட்டியது. இந்தியாவில் டார்-21 சிறப்புப் படைகளிடமும் எக்ஸ்95 மத்திய ரிசர்வ் போலீஸிடமும் இருக்க, தரைப்படையின் பெருவாரிக் கொள்முதல் சிக்716, ஏகே-203 என்று சாதாரண அமைப்பிலேயே நிற்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'டார்' ரைபிளும், பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும், ஏகே வழிச் சாதாரண அமைப்புதான்.

ஆனால் காற்று ஒரே பக்கம் வீசுகிறது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. சத்தமடக்கி வந்துவிட்டது. அதை மாட்டினால் எந்த ரைபிளும் 15 செ.மீ.க்கு மேல் நீளும். எம்4 அப்போது ஒரு மீட்டரைத் தொடும், டவோர் 90 செ.மீ.க்குள் நிற்கும். அமெரிக்கத் தரைப்படையின் புதிய 6.8 மி.மீ. ரைபிள் போட்டியில் இந்த இரு சிந்தனைகளும் நேருக்கு நேர் மோதின. ஜெனரல் டைனமிக்ஸ் கொண்டுவந்த ஆர்எம்277 புல்பப். நீளக் குழலால் வேகத்தைப் பெற்றது. சிக் நிறுவனத்தின் ரைபிள் சாதாரண அமைப்பு, குழல் 330 மி.மீ. தான், வேகத்துக்காகத் தோட்டாவின் அழுத்தத்தை 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை ஏற்றியது. அந்த அழுத்தத்தைப் பித்தளை மட்டும் தாங்காது என்பதால் உறையின் அடிப்பாகத்தை எஃகில் செய்தார்கள். 2022 ஏப்ரலில் சிக் வென்றது. குழல் நீளத்தைத் தவிர்க்க நினைத்தால் அழுத்தத்தில் பணம் கட்ட வேண்டும் என்பதை அந்தத் தோட்டாவே காட்டுகிறது.

சத்தமடக்கியில் புல்பப்புக்கு எதிரான ஒரு விஷயம்: அது வாயுவைப் பின்னால் திருப்பும், பின்னால் கன்னம் இருக்கிறது. வாயு அளவைக் குறைக்கும் திருகு இல்லாத புல்பப்பில் சத்தமடக்கி மாட்டி ஒரு மேகசின் சுட்டால் கண் எரியும்.

யாருக்கு எது

பெரும்பாலும் கவச வண்டியிலேயே போய்வரும், ஒரே வகைத் துப்பாக்கியை வருடக்கணக்கில் பழகும் படைக்கு நான் இன்றும் புல்பப்பைச் சொல்வேன். சிங்கப்பூர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999-இல் எம்16எஸ்1-க்குப் பதிலாக வந்த எஸ்ஏஆர்-21-ஐத்தான் அங்கே தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணி) போகும் தமிழ் இளைஞர்களும் இரண்டு வருடம் சுமக்கிறார்கள். ஒரு மீட்டர் நீள எம்16-ஐவிட 20 செ.மீ. குட்டை, குழல் அதே 508 மி.மீ., ஸ்கோப் உள்ளேயே பொருத்தப்பட்டது. பகுதிநேர வீரர்களுக்குக் குறியைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் வேலையும் இதனால் மிச்சம்.

கட்டடங்களுக்குள் அதிகம் சண்டையிடும், பல நாட்டு ஆயுதங்களோடு கலந்து பயிற்சி எடுக்கும், ஆணும் பெண்ணுமாக உடலளவு பரந்து மாறும் படைக்கு எம்4 வகைதான். வேக இழப்பைத் தோட்டாவில் சரிசெய்துகொள்ளலாம். தோள் மாற்ற முடியாததைத் தோட்டாவிலோ பயிற்சியிலோ சரிசெய்ய முடியாது. பட்ஜெட் இறுக்கம், ரைபிள் பெரும்பாலும் வண்டியில் கிடக்கும் என்றால், மடக்கும் பின்கட்டை கொண்ட ஏகே வகையே தாராளம்.

இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்கள் காகிதத்தில் முடிவெடுக்காமல் ஒரு சோதனை வைக்க வேண்டும். இருபது பேரை எடுங்கள். அதில் நான்கு பேராவது இடக்கைக்காரர்கள், நான்கு பேராவது 160 செ.மீ.க்குக் குறைந்த உயரத்தினர். எல்லோருக்கும் முழுக் கவசம். வண்டியில் உட்கார்ந்து, இறங்கி, பத்து மீட்டர் ஓடி, முதல் சூடு விழும் வரை நேரம் பாருங்கள். நின்று, மண்டியிட்டு, படுத்து என ஒவ்வொன்றிலும் பத்து முறை மேகசின் மாற்றச் சொல்லி, படுத்த நிலைக் கணக்கைத் தனியாக எழுதுங்கள். சராசரியில் அது மறைந்துவிடும். இடது மூலையிலிருந்து இடது தோளில் ஐந்து தோட்டா. சத்தமடக்கியோடு மூன்று மேகசின். டிரிகர் இழுவையைத் தராசில் அளப்பதை இரண்டு முறை செய்யுங்கள்: பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஒரு முறை, மணலில் புரட்டித் துடைக்காமல் இன்னொரு முறை. விற்க வருகிறவர் முதல் எண்ணை மட்டும் காட்டுவார். இரண்டாவது எண் அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அந்த நீண்ட கம்பியின் தடம் சரியில்லை, அந்தத் துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.